தொண்ணூறு விழுக்காடு என்றால் என்ன?

கேள்விகளுக்கு விடையளிக்கும்போது ஒருவருடைய மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், தோலின் மின்கடத்தும் திறன் ஆகியவற்றில் ஏற்படும் மாறுதல்களைப் பதிவு செய்வது 'பொய் காட்டும் கருவி' ஆகும். குற்றவியல் உளவியலில் இதைப் பற்றிய ஆய்வுகள் பல. "இக்கருவி 90 விழுக்காடு சரியானது" என ஓர் ஆய்வறிக்கை கூறினால், அதற்கு என்ன பொருள்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காங்கேயம் வட்டாரத்துக் கொப்பரைக் களங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் வேலை செய்யும் 1,000 பேரைச் சோதிப்பதாகக் கொள்வோம். அவர்களில் சரக்கைத் திருடியவர்கள் 10 பேர். கருவி அவர்களில் 9 பேரைப் பிடித்துவிடும். ஆனால் குற்றமற்ற 990 பேரிலும் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது 99 பேரை, அது தவறாகக் காட்டிக் கொடுக்கும். ஆக, மாட்டிக் கொண்டவர்கள் 108 பேர். உண்மைத் திருடர்கள் 9 பேரே. பன்னிரண்டு பேரில் ஒருவர்தான்!

கருவி ஒன்றுதான், கூட்டத்தில் திருடர்கள் மிகக் குறைவு என்பதே இதற்குக் காரணம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவும் 2003-இல் இத்தகைய கணக்கைப் போட்டது. 10,000 ஊழியர்களிடையே 10 ஒற்றர்கள் இருந்து, அவர்களில் 8 பேரைப் பிடிக்க வேண்டுமானால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் உடன் சிக்குவர் என்று அது காட்டியது. ஊழியர்களைச் சலித்தெடுக்க இக்கருவியை நம்பலாகாது என்றும் கூறியது.

எனவே ஆய்வறிக்கையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தப்பிய குற்றவாளிகள் எத்தனை, சிக்கிய நிரபராதிகள் எத்தனை என்பது தனித்தனியே தரப்பட்டுள்ளதா? 'முடிவு தெரியவில்லை' என விடப்பட்டவர்களும் கணக்கில் உண்டா? சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? 20 பேரில் 18 பேர் என்றாலும் 90 விழுக்காடுதான். 2,000 பேரில் 1,800 பேர் என்றாலும் 90 விழுக்காடுதான். ஆனால் முன்னதில் உண்மை அளவு 70 முதல் 97 வரை எங்கும் இருக்கக்கூடும். பின்னதில் 89-க்கும் 91-க்கும் இடையே அடங்கிவிடும். இந்த எல்லைகளையும் அறிக்கை சொல்ல வேண்டும்.

நம் நாட்டில், 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய் காட்டும் கருவி, மயக்க மருந்து, மூளை அலைப் பதிவு ஆகிய சோதனைகளை ஒருவருடைய சம்மதமின்றி நடத்தக்கூடாது. சம்மதித்தாலும் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க இயலாது என்றது.

விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரைத் திருடர் என்று முடிவு கட்டினால், அந்த 99 பேருக்கு யார் பதில் சொல்வது?