வேலையை உதறியவர் செதுக்கிய 'பாடகி'!

அம்பத்தூரிலோ ஆவடியிலோ அச்சகத்துக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகை அடித்திருப்பீர்கள். நான்கு நிறம் என்றால் நான்கு பிளேட். ஏறக்குறைய இதே கணக்கில், ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் பலகையைச் செதுக்கி வண்ணப் படம் அச்சடித்தவர் வாசிலி காண்டின்ஸ்கி.

மாஸ்கோவில் சட்டம் படித்தவர் இவர். 1896-ல், 30 வயதில், தேடி வந்த பல்கலைக்கழக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓவியம் கற்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போனார். 1903-ல் அவர் உருவாக்கிய மரச்செதுக்கு அச்சுதான் 'பாடகி'. நின்று பாடும் ஒரு பெண், பியானோ வாசிக்கும் ஒருவர். அவ்வளவுதான் படம்!

மரச்செதுக்கில், செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது. விட்டுவைத்த மேடுதான் காகிதத்தில் பதியும். அதனால் எல்லா நுணுக்கத்தையும் காட்ட முடியாது. எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். சில ஆண்டுகளில் காண்டின்ஸ்கி உருவத்தையே விட்டுவிட்டு, வண்ணத்தையும் கோட்டையும் மட்டும் நம்பினார். அரூப ஓவியத்தின் முன்னோடி ஆனார். 1922 டிசம்பரில் கொல்கத்தாவில் நடந்த பௌஹவுஸ் கண்காட்சிக்கு அவருடைய படைப்புகளும் வந்தன.

உங்கள் வீட்டுக் குட்டீஸ் வெண்டைக்காயை நறுக்கி, பெயின்ட்டில் தொட்டு நோட்டில் அச்சு வைக்கிறார்களா? திட்டாதீர்கள். 'பாடகி'யும் அதே வித்தையில் பிறந்தவள்தான்!