சின்ன டிரெய்லரில் கேம்பிங்: கரண்ட், தண்ணீர், எடை... மூணும் ஒரே கணக்குதான்! எப்படி?

காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டை இழுத்துக்கொண்டு காடு, பாலைவனம் என்று போய்த் தங்குவது அமெரிக்காவில் சகஜம். அங்கே அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்குச் சொந்தமான நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை காசு கொடுக்காமலே தங்கலாம். ஆனால் அங்கே பிளக் பாயின்ட்டும் இருக்காது, குழாயும் இருக்காது. எல்லாவற்றையும் நாம்தான் சுமந்து போக வேண்டும். சிக்கலே அந்தச் சுமையில்தான்.

எடை ஏன் முக்கியம்?

விளம்பரத்தில் பார்க்கும் எடை பெரும்பாலும் காலி வண்டியின் எடை. உதாரணமாக, டிரெய்லரின் அதிகபட்ச எடை 1,600 கிலோ, காலி எடை 1,300 கிலோ என வைத்துக்கொள்வோம். மிச்சம் 300 கிலோ. அதில் 100 லிட்டர் தண்ணீருக்கே 100 கிலோ போச்சு. நிரப்பிய கேஸ் சிலிண்டர் இரண்டுக்கு 34 கிலோ, பேட்டரிக்கு 30 கிலோ. மீதி 136 கிலோவுக்குள் பாத்திரம், படுக்கை, துணி, அரிசி பருப்பு எல்லாம் அடங்கணும்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காருடன் இணையும் கொக்கியின் மேல் விழ வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். காரையே கவிழ்த்துவிடும் ஆபத்து உண்டு. அப்போது பதறி கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால் இன்னும் கவனம். முகாமுக்குப் பக்கத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் அங்கே போய் நிரப்புவதே நல்லது. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடங்களில் எடை மேடை இருக்கும். ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் சந்தேகமே வராது.

கரண்ட் எவ்வளவு தாங்கும்?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-மணி இருக்கும். ஆனால் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆக, கைக்கு வருவது 600தான். எல்இடி விளக்கு, போன் சார்ஜ், சின்ன ஃபேனுக்கு இது தாராளம். ஏசியா? மறந்துடுங்க, அரை மணி நேரத்தில் காலி. ஃபிரிட்ஜை கேஸில் ஓட்டலாம். ஹீட்டரும் கேஸில்தானே ஓடுகிறது என்று பலர் அசந்துவிடுவார்கள்; அதன் ஊதுவிசிறி பேட்டரியில் ஓடுகிறது. குளிர் இரவுகளில் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடுவது இதனால்தான். லித்தியம் பேட்டரி விலை அதிகம். ஆனால் எடை பாதிக்கும் குறைவு, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். எடைக் கணக்கிலும் லாபம்.

தண்ணீர்?

முதலில் தீர்வது பல நேரம் நல்ல தண்ணீர் அல்ல, கழிவுநீர்த் தொட்டியில் இடம்! அதைத் தரையில் திறந்துவிட பல இடங்களில் தடை. எனவே தட்டை டிஷ்யூவால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். உடம்பை நனைத்துவிட்டு ஷவரை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அதற்கென உள்ள இடத்தில் தொட்டிகளைக் காலி செய்தால், திரும்பும் வழியில் அந்தச் சுமையும் இல்லை.