பாக்கெட்டுதான் இல்ல

ஊரடங்கும் உலைநீரும் – 14

இந்த வாரம் ஈஸ்ட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை இரவு வரைக்கும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன்.

போன வாரம் டல்கோனா காபியைக் கை ஓயும்வரை அடித்தோம். அதற்கு முன்னால் என்னென்ன நடந்தது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஊர் அடங்கியபோது சோறு எப்படி இடம் மாறியது என்பதுதான் மொத்தக் கதையும்.

ஈஸ்ட்டுக்காக அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதத்துப் பிரிட்டன் செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓர் எண் கண்ணில் பட்டது. 4 சதவீதம். அதோடு ஈஸ்ட் என் மண்டையிலிருந்து இறங்கிப் போய்விட்டது. செவ்வாய் மதியம் 3 மணிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். இப்போது மணி ஒன்றரை. மண்டையில் எது இருக்கிறதோ அதைத்தான் தர முடியும்.

2020 மார்ச் 23 இரவு பிரிட்டனில் ஊரடங்கு அறிவித்தார்கள். அதற்குள்ளேயே கடைகளில் மாவு வைக்கிற அலமாரிகள் துடைத்துவிட்டாற்போல் காலி. வீட்டோடு அடைந்தவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ரொட்டியும் கேக்கும் சுடக் கிளம்பிவிட்டார்கள். மாவுத் தட்டுப்பாடு என்று பேச்சு கிளம்பியது. மாவு ஆலைகளின் சங்கம் (நாபிம் என்பது அப்போதைய பெயர்) பொறுமையாக ஒரு விளக்கம் கொடுத்தது. மாவு நிறைய இருக்கிறது. நாட்டின் ஆலைகள் வாரத்துக்கு ஏறத்தாழ 90,000 டன் அரைக்கின்றன. ஆனால் வழக்கமாக அதில் 4 சதவீதம்தான் கடைகள் வழியாக வீடுகளுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் ரொட்டித் தொழிற்சாலைக்கும் பிஸ்கட் கம்பெனிக்கும் டேங்கர் லாரியிலும், பேக்கரிகளுக்கு 16 கிலோவும் அதற்கு மேலும் பிடிக்கும் பெரிய பைகளிலும் போகிறது.

டேங்கர் லாரியில் மாவு! பெட்ரோல் வரும், பால் வரும், கோடையில் தெருவுக்குத் தண்ணீர் வரும். மாவு வரும் என்று எனக்கு இத்தனை வயதில் தெரியாது. காற்றை அழுத்தி ஊதினால் மாவு தண்ணீர் மாதிரி குழாயில் ஓடித் தொழிற்சாலையின் தொட்டிக்குள் இறங்குமாம். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் சமையலறையில் இருந்த மாவு டப்பாவைத் திறந்து ஊதிப் பார்த்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்தத் தொடருக்குத் தேவையில்லாதது.

கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் வீட்டுக்கு வாங்கும் மாவுப் பை ஒன்றரைக் கிலோ. அந்தச் சின்னக் காகிதப் பையில் மாவை அடைத்து ஒட்டுவதற்கென்று தனி இயந்திரங்கள் உண்டு. 4 சதவீத மாவுக்கு எத்தனை வேண்டுமோ அத்தனைதான் ஆலைகளில் இருந்தன. அவற்றை இரவு பகலாக, ஞாயிறுகூட நிறுத்தாமல் ஓட்டினார்கள். அப்படி ஓட்டியும், நாட்டில் 100 வீட்டுக்கு 15 வீடு வாரம் ஒரு பை வாங்கும் அளவுக்குத்தான் அடைக்க முடிந்தது. கோதுமை இருந்தது, மாவு இருந்தது, ஆலை ஓடியது. பை போடும் இடத்தில் போய் எல்லாம் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் ‘பதறிப் போய் வாங்கிப் பதுக்கியவர்கள்’ என்று வீட்டில் சமைத்தவர்களைத் திட்டாத ஊர் இல்லை. பதுக்கியவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் மதியம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் சாண்ட்விச் தின்றவன், இப்போது வீட்டில் தின்கிறான். வயிறு அதேதான், மாவும் அதேதான். அது வந்து சேரும் வழி மாறிவிட்டது. அந்த வழியில் டேங்கர் லாரி போகாது. பழியை ஏன் அவன் தலையில் போட வேண்டும்?

இந்த இடத்தில்தான் ஒரு கிழட்டு ஆலை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், ஸ்டவர் ஆற்றங்கரையில், ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆற்றுத் தண்ணீரின் வேகத்தில் சுற்றும் மாவாலை ஒன்று. 1086-இல் எழுதிய டூம்ஸ்டே புத்தகத்திலேயே அந்த இடத்து ஆலை கணக்கில் வந்துவிட்டது. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர், எவன் நிலம் எவ்வளவு, எவனிடம் எத்தனை மாடு, எத்தனை ஆலை என்று நாடு முழுக்க எடுத்த கணக்கு அது. அதே 1086-இல் நம் முதலாம் குலோத்துங்கனும் நிலம் அளக்க வைத்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் சோழர் காலத்து வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள். சொல்லிவிட்டேன்.

நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1876 முதல் 1878 வரை குடியிருந்த ஊரும் இதுதான். நிற்க. அந்த ஆலை பல ஆண்டுகளாக அருங்காட்சியகம். தொண்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பார்வையாளர்கள் வரும் பருவத்தில், மாதத்தில் ஓரிரு நாள் வேடிக்கைக்காக அரைத்துக் காட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு டன் கோதுமை இருந்தால் தாராளம். 2020-இல் பார்வையாளர்கள் இல்லை. ஊர்க் கடைகளில் மாவும் இல்லை. கல்லைச் சுற்ற விட்டார்கள். ஆண்டு முழுவதற்குமான அந்த ஒரு டன் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது. மேற்கொண்டு கோதுமை தேடி அலைந்தார்கள். வாரத்துக்கு 90,000 டன் அரைக்கும் நாட்டுக்கு இந்த ஒரு டன் எந்த மூலைக்கு? ஆனாலும் பெரிய ஆலைகளிடம் இல்லாத ஒன்று அந்தக் கிழட்டு ஆலையிடம் இருந்தது. மாவைக் கையால் அள்ளிச் சின்னப் பையில் போட அங்கே ஆள் இருந்தார்கள்.

பை என்று ஒரு தரம் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கே பார்த்தாலும் பைதான். அமெரிக்காவில் ஓட்டல்களுக்கு முட்டை, 30 கொள்ளும் அட்டைத் தட்டில் போகும். கடைக்கு வருவது விவரம் அச்சிட்ட, 12 கொள்ளும் மூடி வைத்த அட்டைப்பெட்டி. பெட்டி தீர்ந்துபோனது, முட்டை தீரவில்லை. அந்த ஏப்ரலில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விதியைத் தளர்த்தியது. அச்சில்லாத பெட்டியில் விற்றுக்கொள்ளுங்கள், விவரத்தைக் கடையில் எழுதி மாட்டுங்கள் என்றது. நாமக்கல் முட்டை அந்த 30 தட்டில்தான் நம் தெருக்கடை வரைக்கும் வருகிறது. நான்கு கேட்டால் நான்கைத் தருவார்கள்.

பால் கதை இன்னும் கொடுமை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சின்னப் பெட்டியில் பால் அடைக்கும் இயந்திரத்துக்கு வீட்டுக் குடுவையை நிரப்பத் தெரியாது. ஒரு நாளைக்கு 37 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் லிட்டர் பால் கொட்டப்படுவதாக அமெரிக்காவின் மிகப் பெரிய பால் கூட்டுறவு அந்த ஏப்ரலில் மதிப்பிட்டது.

பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு. ஓட்டல்களுக்குப் போக வேண்டிய உறைந்த வறுவல் குளிர்கிடங்கை நிறைத்துவிட்டது, வயலில் விளைந்தது வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 7,50,000 டன் கிழங்கு வீணாகப் போகலாம், எனவே மக்களே, வாரத்துக்கு ஒரு தரம் தின்னும் வறுவலை இரண்டு தரம் தின்னுங்கள் என்று கிழங்கு வியாபாரிகளின் சங்கமான பெல்காபோம் வேண்டுகோள் விடுத்தது. நாட்டுக்காக வறுவல் தின்னச் சொன்ன ஒரே தேசபக்தி அறைகூவல் எனக்குத் தெரிந்து இதுதான்.

பெல்ஜியம் என்றதும் இன்னொரு பை. மன்னிக்க வேண்டும், இது கொள்ளைநோய்க் காலத்தது இல்லை, முதல் உலகப்போர்க் காலத்தது. ஆனால் இதை எங்கே சொல்வது? 1914-இல் ஜெர்மன் படை பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டது, கடல்வழியை பிரிட்டன் அடைத்துவிட்டது, ஜனம் பட்டினி. ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவர், ஒரு நிவாரணக் குழு அமைத்துக் கப்பல் கப்பலாக மாவு அனுப்பினார். மாவு வந்தது பருத்தி மூட்டைகளில். பருத்தியிலிருந்து வெடிமருந்து செய்யலாம். வெற்று மூட்டை எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று நிவாரணக் குழு ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு வைத்தது. தின்று தீர்த்த மாவுக்குக் கணக்கு உண்டோ இல்லையோ, சாக்குக்கு உண்டு!

வெற்று மூட்டைகளைத் தையல் பள்ளிகளுக்கும் கன்னிமாடங்களுக்கும் கொடுத்தார்கள். பெல்ஜியப் பெண்கள் அவற்றில் பூவேலை செய்தார்கள். மூட்டையில் ஏற்கெனவே எங்கோ அமெரிக்காவில் இருந்த மாவாலையின் பெயரும் முத்திரையும் அச்சாகியிருக்கும். அதை அழிக்கவில்லை. அந்த எழுத்தின் மேலேயே வண்ண நூலை ஓட்டி, சுற்றிலும் ரோஜாவும் சிங்கமும் கொடியும் வைத்து, ஓரத்தில் லேஸ் பின்னி, நன்றி என்று எழுதி அனுப்பினார்கள். அயோவா மாநிலத்தில் ஹூவர் பிறந்த வெஸ்ட் பிராஞ்ச் ஊரில், அவர் பெயரில் உள்ள நூலக அருங்காட்சியகத்தில் அந்த மூட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. படங்களைப் பார்த்தேன். கம்பெனி பெயரை இவ்வளவு அழகாக எந்த விளம்பரக்காரனும் எழுதியதில்லை.

எங்கள் பாட்டி வீட்டில் மைதா மூட்டைத் துணி ஒன்று அடுப்படிக் கைப்பிடித் துணியாக இருந்தது. எத்தனை துவைத்தாலும் அதில் நீல எழுத்து மங்கலாகத் தெரியும். அது எந்த ஆலை என்று ஒருநாளும் படித்துப் பார்க்கவில்லை. இப்போது அடித்துக்கொள்கிறேன்.

மணி இரண்டேகால். எங்கள் தெரு அண்ணாச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரடங்கின் முதல் வாரங்களில் சென்னையில் கடைகள் மதியத்துக்குள் சாத்திவிட வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, என் முறை வந்தது.

“அண்ணாச்சி, கோதுமை மாவு பாக்கெட் இருக்கா?”

“பாக்கெட்டுதான் இல்ல சார். மாவு இருக்கு. எவ்வளவு வேணும்?”

உள்ளே 50 கிலோ மூட்டை பிரித்து வைத்திருந்தார். பக்கத்து மைதா மூட்டை, முக்கில் இருக்கும் பரோட்டாக் கடைக்குப் போக வேண்டியது. கடை மூடிக் கிடந்ததால் அதையும் பிரித்துவிட்டார். செய்தித்தாளைக் கிழித்து, ஒரு சுற்றுச் சுற்றி, அடியை மடித்து, மாவைப் போட்டு, மேலே தொங்கிய நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்று, ஒரு வெட்டு. அரைக் கிலோ. அடுத்தவருக்குக் கால் கிலோ. அதற்கடுத்த அம்மாவுக்கு நூறு கிராம் மைதா, போண்டாவுக்கு. பிரிட்டனில் ராப்பகலாக ஓடியும் திணறிய இயந்திரத்தின் வேலை அது. இவருக்கு அதில் அளவு மாற்ற ஒரு கண நேரம்.

செய்தித்தாளில் உணவு மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறது, மையின் காரணமாக. எங்கள் வரிசையில் யாருக்கும் மையைப் பற்றிக் கவலை இல்லை. பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்றொரு பீதி அப்போது உலாவிக்கொண்டிருந்தது. பேப்பர்காரரைப் பல வீடுகள் நிறுத்தியிருந்தன. மாடி வீட்டு மாமி பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்று, எவர்சில்வர் தூக்கை நீட்டினார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தூக்கின் எடையைக் கழித்துக்கொண்டு போட்டார்.

நம்மிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சென்னைக்கு வரும் காயெல்லாம் ஒரே சந்தையில் இறங்கிப் பிரியும். தொற்று அங்கேயே பரவி, 2020 மே 5-இல் கோயம்பேட்டை மூடினார்கள். மொத்தக் காய்கறி திருமழிசைக்குப் போனது, திரும்பி வரச் செப்டம்பர் கடைசி ஆயிற்று. மாவுப் பொட்டலம் மடித்த அதே அண்ணாச்சி தக்காளி விஷயத்தில் கையை விரித்துவிட்டார். அந்த ஐந்து மாதத்துக்குத் தனியாக ஓர் இதழ் வேண்டும், ஞாபகம் இருந்தால் நினைவூட்டுங்கள்.

ஈஸ்ட் அடுத்த வாரம். சத்தியமாக. அதுவும் தொழிற்சாலைக்குத் திரவமாக டேங்கர் லாரியில்தான் போகிறது என்று கடைசி நேரத்தில் படித்துத் தொலைத்தேன். என் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் 2020 மே மாதம் யாரிடமோ கெஞ்சி வாங்கிய ஈஸ்ட் பாக்கெட் ஒன்று பிரிக்காமலே இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் போட்டு, சர்க்கரை சேர்த்து, நுரைக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

(தொடரும்)