தோலைக் காக்கும் குண்டு

புஸ்வாணத்திலும் எரிவது மருந்துதான், அணுகுண்டுப் பட்டாசிலும் எரிவது மருந்துதான். புஸ்வாணத்துக்கு வாய் திறந்திருப்பதால் நெருப்பு பூவாகக் கொட்டி ஓய்ந்துவிடும். அணுகுண்டில் சணலை இறுக்கிச் சுற்றியிருப்பதால், வாயு போக வழியில்லாமல் வெடித்துச் சிதறும். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கம் பட்டாசுத் தொழிலில் கைவைத்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கித் தோட்டா இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. எல்லாப் பக்கமும் அடைப்பு, முன்பக்கம் மட்டும் வழி. அந்த வழியையும் ஒரு குண்டு மறித்து நிற்கிறது. மருந்து எரிந்து கிளம்பும் வாயு அந்தக் குண்டைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர முடியும்.

குழலைவிட்டு வெளியேறிய குண்டு ஓர் உடலில் பட்டபின் என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெரியாத பகுதி. அதை மில்லிமீட்டர் கணக்கில் யோசித்து வைத்திருக்கிறார்கள் வட அமெரிக்காவின் கயோட்டி வேட்டைக்காரர்கள். காரணம், அவர்களுக்கு வேண்டியது அந்த விலங்கின் தோல்.

கயோட்டி நம் ஊர்க் குள்ளநரிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். உடம்பில் அது சற்றுப் பெரியது, பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். பனிக்காலத்தில் அதன் ரோமம் அடர்ந்து நீண்டு வளரும். குளிர்நாட்டு மேலங்கிகளின் தலைமூடியைச் சுற்றி வரும் ரோம விளிம்புக்கு இதைப் பயன்படுத்துவது உண்டு. தோலை வாங்க வருகிற வியாபாரி ரோமத்தை ஊதிப் பார்ப்பார், உட்புறத்தைத் திருப்பி விரலால் தடவுவார். குண்டு நுழைந்த துளை 5 மி.மீ. என்றால் கவலையில்லை. அதைத் தைத்துவிட்டால் ரோமம் மூடிக்கொள்ளும். குண்டு வெளியேறிய பக்கம் முஷ்டி அளவுக்குக் கிழிந்திருந்தால் விலை விழுந்துவிடும். ஆகவே வேட்டைக்காரர் தேடுவது, சிறு துளையில் உள்ளே போய், உள்ளேயே நின்றுவிடும் குண்டு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் .223 ரெமிங்டன் என்ற பரவலான தோட்டாவைப் பாருங்கள். அதன் 55 கிரெய்ன் குண்டு வெறும் மூன்றரை கிராம்தான். அது குழலைவிட்டுக் கிளம்பும் வேகமோ நொடிக்குக் கிட்டத்தட்ட 990 மீட்டர். பழைய கரிமருந்தால் இந்த வேகத்தைத் தொட முடியாது. 1884இல் பிரான்சில் பால் வியெய் கண்டுபிடித்த புகையில்லா மருந்துதான் இதைச் சாத்தியமாக்கியது. குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய கோடுகள் குண்டைச் சுழலவும் வைக்கின்றன. அடிக்கு ஒரு சுற்று என்ற திருகு இருந்தால், அந்த வேகத்தில் குண்டு நொடிக்கு 3,200 முறைக்கு மேல் சுழலும். இத்தனை வேகத்தையும் சுழற்சியையும் ஒடுங்கிய நெஞ்சுக்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டும்.

தீர்வு குண்டின் உடலமைப்பில் இருக்கிறது. சாதாரணக் குண்டில் நடுவே ஈயம், மேலே செப்பு உறை. உறை முழுக்க மூடிய ராணுவ வகைக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போகும். பல நேரம் இரு பக்கமும் சின்னத் துளைதான் விழும் என்பதால் தோலுக்கு நல்லது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை ஏற்க முடியாது. உள்ளே போதிய சேதம் இல்லாத விலங்கு ஓடிப் புதருக்குள் கிடந்து, வெகுநேரம் துடித்துச் சாகும். தோலுக்காக அந்த வேதனையைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நல்ல வேட்டைக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுப்பது மெல்லிய உறையும் முனையில் குழியோ பிளாஸ்டிக் கூம்போ உள்ள குண்டு. நாஸ்லர் நிறுவனத்தின் 'பாலிஸ்டிக் டிப்', ஹார்னடியின் 'வி-மேக்ஸ்' எல்லாம் இந்த வகை. தோலைத் துளைத்ததும் பிளாஸ்டிக் முனை பின்னோக்கி அழுந்த, உறை பிளந்து, ஈயம் துகளாகச் சிதறும். விலா எலும்புகளுக்கு இடையில் நுழைந்தால் நுரையீரலோடு எல்லாம் முடிந்துவிடும். மறுபக்கத் தோலை எட்ட எதுவும் மிஞ்சாது.

முன்னங்கால் மேல் எலும்பில் பட்டாலோ கணக்கு தலைகீழாகிவிடும். குண்டு தோலுக்கடியிலேயே நொறுங்கி, நுழைந்த இடத்திலேயே பெரிய குழி விழும். விலங்கும் உடனே சாகாது. தூரமும் கணக்கை மாற்றும். 50 மீட்டரில் சிதறும் அதே குண்டு, 300 மீட்டரில் வேகம் குறைந்து, சிதறாமலே ஊடுருவிப் போகலாம். அதனால்தான் 4.4 மி.மீ. விட்டமும் 1.6 கிராம் எடையும் கொண்ட குண்டோடு 1971இல் வந்த .17 ரெமிங்டனுக்கு ரோம வேட்டைக்காரர்களிடம் தனிப் பெயர் கிடைத்தது. நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் போவதால், அத்தனை சின்னக் குண்டு பட்டதுமே பொடியாகிவிடும். காற்று அடித்தால் வழிவிலகும் என்பது அதற்குள்ள குறை.

நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் தோல் பற்றிய கவலை இருந்தது, அது வேறு அளவில். சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்திய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அதன் 300 கிரெய்ன் குண்டு 19 கிராம் இருக்கும். வேகம் குறைவு, நொடிக்கு 670 மீட்டர்தான். புலியின் தசையையும் எலும்பையும் தாண்டி ஆழமாகப் போக அந்தக் கனம் வேண்டும். பட்டதும் பொடியாகிற குண்டு அங்கே சுடுபவரின் உயிருக்கே ஆபத்து. துளைகளைப் பிறகு தைத்துக்கொள்ளலாம். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை, இப்படி வந்த புலி, சிறுத்தைத் தோல்களைப் பதப்படுத்தி உருவம் கொடுத்தே உலகப் புகழ் பெற்றது.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. குள்ளநரி 2022 திருத்தத்தில் முதல் பட்டியலுக்கே வந்துவிட்டது. பொங்கலையொட்டி வாழப்பாடி வட்டாரத்தில் வலைபோட்டுப் பிடித்து ஊர்வலம் விடும் வங்காநரிக்காகவும் வனத்துறை வழக்குப் போடுகிறது. கரிசல் காட்டில் எலி பிடித்துத் தின்று திரியும் ஒரு விலங்குக்குச் சட்டம் இவ்வளவு துணை நிற்பது நல்ல செய்தி.

தமிழ்நாட்டில் இன்று குண்டுத் தேர்வு என்ற கேள்வி எழுமானால், அது காட்டுப்பன்றி விஷயத்தில்தான். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். வத்திராயிருப்பு, ராஜபாளையம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. இங்கே தோல் பொருட்டில்லை. ஆனால் பன்றியைத் துளைத்து வெளியேறும் குண்டு, தென்னந்தோப்புக்கு அப்பால் மாடு மேய்ப்பவரையும் எட்டக்கூடும். பன்றியின் தடித்த தோள்பட்டையைத் தாண்ட ஆழமும் வேண்டும், வெளியே போகவும் கூடாது. கயோட்டிக்குச் செய்வதைவிடக் கடினமான கணக்கு இது.

தோலைக் காக்கும் குண்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே சிதறிய ஈயம் எங்கே போகிறது? தோலை உரித்தபின் உடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவது வழக்கம். ஈயக் குண்டு பட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, உடலுக்குள் நூற்றுக்கணக்கான துணுக்குகள் பரவியிருந்தன. அந்த இறைச்சியைத் தின்னும் கழுகும் பிணந்தின்னிப் பறவையும் ஈய நஞ்சால் சாகின்றன. 1982இல் உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டோர் பறவைகளைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்டபிறகும், அவற்றைக் கொல்லும் முதல் காரணம் இந்த ஈயம்தான். டைக்ளோஃபெனாக் மாட்டு மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகளைப் பறிகொடுத்து, 2006இல் அதைத் தடைசெய்த நமக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும். கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் ஈயக் குண்டு வேட்டையைத் தடைசெய்தது.

மாற்றாக வந்த முழுச் செப்புக் குண்டு நொறுங்குவதில்லை. முனை இதழ் விரித்து ஊடுருவி, வெளியேறும் பக்கம் தோலைக் கிழித்துவிடும். அதனால் பார்ன்ஸ் நிறுவனம் செம்பையும் வெள்ளீயத்தையும் பொடியாக்கி அழுத்திக் கருவாக வைத்து 'வார்மின்ட் கிரனேட்' என்ற குண்டைச் செய்தது. பட்டதும் கரு மறுபடி பொடியாகிவிடும், அதில் ஈயமும் இல்லை. ஈயத்தைவிடச் செம்பு இலேசு என்பதால் குண்டின் எடை குறைகிறது. தூரம் போகப் போக வேகம் சீக்கிரமே இறங்கிவிடுகிறது.