தொய்யாத தார்ப்பாய்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர் நம் முன்னோர். அம்மி பறந்ததைக் கண்டோர் யாருமிலர். ஆனால் கூரை பறந்ததைப் புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசி மேற்கு நோக்கி வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஓட்டு வீடுகளும் கீற்று வீடுகளும் ஒரே இரவில் வானம் பார்த்து நின்றன. வடகிழக்குப் பருவமழை ஓயாத நேரம் அது. வீடிழந்த குடும்பங்களுக்கு அன்று உடனடியாகத் தேவைப்பட்டவற்றுள் ஒன்று தார்ப்பாய்.

சோறும் போர்வையும் கொடுத்தால் பெற்றவர் பயன்படுத்திக்கொள்வர். தார்ப்பாய் அப்படியன்று. அதைக் கட்டத் தெரிந்தால்தான் அது கூரை. ஒரே தரமான தார்ப்பாய் ஒரு வீட்டில் மழைக்காலம் முழுவதும் நிற்கிறது. அடுத்த வீட்டிலோ நான்கு நாட்களில் மூலை கிழிந்து தொங்குகிறது. வேறுபாடு பாயில் இல்லை, கட்டிய கயிற்றில் இருக்கிறது. எனவே, அன்புள்ள வாசகர்களே, இம்முறை கயிற்றைப் பற்றியே சற்று விரிவாகச் சிந்திப்போம்.

காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்குதலும் இரு மடங்காகும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று, நேர்முகமாக நிற்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ ஏழரை கிலோ எடைக்குரிய விசையோடு தள்ளும். 80 கிலோமீட்டரில் அது 30 கிலோ. 120 கிலோமீட்டரில் 68 கிலோ. நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் தார்ப்பாய் ஒன்றின் பரப்பு 20 சதுர மீட்டர். அது 80 கிலோமீட்டர் காற்றுக்கு நேர்முகமாக நின்றால் 600 கிலோ விசையைத் தாங்கவேண்டும். புயலுக்கு முன் எந்தத் தார்ப்பாயும் நிற்காது என்பதற்கு இந்தக் கணக்கே போதிய சான்று. எச்சரிக்கை வந்தவுடன் பாயை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு உறுதியான கட்டடத்திற்குச் செல்வதே அறிவுடைமை. நாம் இங்கே பேசுவது புயலுக்குப் பின்வரும் நாட்களின் மழையையும் காற்றையும் பற்றியதாகும்.

அந்நாட்களில் தார்ப்பாய்க்குப் பகையாவது தொய்வு. தொய்ந்த இடத்தில் மழைநீர் குளமாகத் தேங்குகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நின்றால் அதன் எடை 10 கிலோ. எடை கூடக் கூடக் குழி ஆழமாகிறது. ஆழமாக ஆழமாக நீர் மேலும் சேர்கிறது. நள்ளிரவில் உறங்கும் குழந்தைகள்மீது அது முழுவதும் சரிவதும் உண்டு. காற்றடிக்கும்போதோ தொய்ந்த பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் மேலெழுந்து ஓடிய பாயைக் கயிறு வெடுக்கென்று நிறுத்துகிறது. அந்த வெட்டிழுப்புத்தான் மூலை வளையத்தைப் பிய்த்தெடுக்கிறது.

அப்படியானால் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால் போதாதா? போதாது. கட்டட வேலையில் கீழிருந்து வீசப்படும் செங்கல்லை மேலே நிற்பவர் பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் கையை விறைப்பாக நீட்டி நிற்பதில்லை; கல் வரும் திசையிலேயே கையைச் சற்றுப் பின்வாங்கி ஏந்துகிறார். விறைத்த கையில் கல் விழுந்தால் விரல் நசுங்கும். சிறிதும் இளகாத கயிற்றில் கட்டிய பாயின் நிலையும் அதுவே. பாய் விறைப்பாக இருக்கவேண்டும். ஆனால் இளகிக் கொடுக்கும் இடம் ஒன்றும் இருக்கவேண்டும். அந்த இடம் பாயில் அமையாமல் கயிற்றில் அமையவேண்டும்.

நனையும் கயிறு

காலையில் விறைப்பாகக் கட்டிய பாய் மாலையில் ஏன் தொய்கிறது? வெயிலில் பாலித்தீன் பாய் இளகுகிறது, முளை சற்று அசைகிறது, முடிச்சு இறுகுகிறது, கயிறும் தன் நீளத்தை மாற்றிக்கொள்கிறது. பருத்தி, சணல் போன்ற நார்க்கயிறுகள் நனைந்தால் நார் பருத்து, முறுக்கு இறுகி, கயிறு குறுகும். உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் நிற்கும் எகிப்தியக் கல்தூண் பற்றிய கதையை வாசகர் சிலர் கேட்டிருக்கலாம். 1586ஆம் ஆண்டு, திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில், தொமேனிக்கோ ஃபொந்தானா என்னும் பொறியாளர் அத்தூணை நிமிர்த்தினார். வேலையின் நடுவே கயிறுகள் தளரத் தொடங்கியபோது, பேசக்கூடாதென்ற கட்டளையையும் மீறி ஒரு மாலுமி, கயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கூவினாராம். இது செவிவழிக் கதையேயாயினும், கடலோடிகள் அறிந்திருந்த கயிற்றின் இயல்பு அதில் பொதிந்திருக்கிறது.

நைலானின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது நீரை உறிஞ்சிச் சற்று நீளும். ஆகவே மழை தொடங்கியவுடன் நைலான் இழுகயிறு தளர்ந்துபோகும். நம் கடைவீதிகளில் நைலான் கயிறு என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பல உண்மையில் வேறு பிளாஸ்டிக் இழைகளால் ஆனவை. அவை நீரை உறிஞ்சமாட்டா. ஆயினும் தொடர்ந்து இழுபட்டால் மெல்ல நீளும். நாட்பட்ட வெயிலில் இழை நைந்து உதிரும். எந்தக் கயிறாயினும், அதன் தளர்வை உடனுக்குடன் இழுத்துக்கொள்ள ஒரு துணை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

டியூப் என்னும் துணைவன்

அத்துணை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. பஞ்சர் ஒட்டும் கடையில் கழித்துப்போடும் பழைய டியூப்தான் அது. சைக்கிளின் பின்னால் மூட்டை கட்ட டியூப்பை அறுத்துப் பயன்படுத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதே ரப்பரை இழுகயிற்றின் நடுவே சேர்த்தால் அது மூன்று வேலைகளைச் செய்யும். பாய் தளரும்போது சுருங்கி விறைப்பைக் காக்கும். காற்று மோதும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காற்று தணிந்ததும் பாயைப் பழைய இடத்திற்கே கொண்டுவரும்.

ரப்பருக்கு விந்தையான வேறொரு குணமும் உண்டு. பெரும்பாலான பொருள்கள் சூடேறினால் நீளும். இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரோ சூடேறினால் சுருங்க முயலும். இளமையிலேயே பார்வையிழந்த ஜான் காஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர், ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்துத் தொட்டறிந்து ஆராய்ந்து, 1805ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார். உச்சி வெயிலில் பாய் இளகும் அதே நேரத்தில் ரப்பர் சிறிதளவேனும் கூடுதலாக இழுக்கிறது என்பது நமக்கு வாய்த்த நன்மையன்றோ!

ஆனால் ரப்பரை மட்டுமே நம்பிக் கட்டலாகாது. அளவுக்கு மீறி இழுபட்டால் அது அறும். அறுந்தால் பாய் முழுவதும் பறக்கும். எனவே கட்டும் முறை இதுவாகும். டியூப்பை நீளவாக்கில் இரண்டு விரல் அகலப் பட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். இழுகயிற்றில் 35 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு முடிச்சுகள் இடுங்கள். முடிச்சுக்கு முடிச்சு 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ரப்பர் நிற்குமாறு பட்டையின் இரு முனைகளையும் அவற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். இப்போது இரு முடிச்சுகளுக்கும் நடுவிலுள்ள கயிறு தளர்ந்த வளைவாகத் தொங்கும். முளையில் கட்டும்போது ரப்பர் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் நீளும்வரை இழுத்துக் கட்டினால் போதும். காற்று பலக்கும்போது ரப்பர் மேலும் நீளும். 35ஐ எட்டியதும் கயிறே பாரத்தை ஏற்றுக்கொள்ளும். ரப்பர் அறுந்தாலும் கயிறு பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்புக் கண்டால் மாற்றிவிடுங்கள்.

ரப்பர் பக்கக் கயிறுகளுக்கே உரியது. நடுவே ஓடும் முகட்டுக் கயிற்றில் அதைச் சேர்க்கலாகாது. முகடு தாழ்ந்தால் பாய் முழுவதும் தொய்யும். அதற்காக முகட்டுக் கயிற்றை வீணைத் தந்திபோல் முறுக்குவதும் தவறு. நான்கு மீட்டர் இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் 10 கிலோ பாரம் ஏறி, கயிறு 10 சென்டிமீட்டர் மட்டுமே தாழ்ந்தால், அதன் இழுவிசை ஏறத்தாழ 100 கிலோ. 20 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 50 கிலோதான். ஆகவே சிறிது தாழ்வுக்கு இடம் விடுங்கள். தாய்மார்களுக்கு ஒரு சொல்: குழந்தையின் தூளியை அந்த முகட்டுக் கயிற்றில் கட்டவே வேண்டாம். தூளியின் பாரம் முகட்டைத் தாழ்த்தும். காற்றில் பாய் துள்ளினால் தூளியும் துள்ளும். தூளிக்கு வேறு விட்டமோ மரக்கிளையோ தேடுங்கள்.

மூலையும் முளையும்

பாயின் உலோக வளையங்கள் பலவீனமானவை. வளையம் பிய்ந்த மூலையில் வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றைப் பாய்க்குள் வைத்து, பாயோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் அதுவே நல்ல பிடிமானம். நம் ஊர்ச் செம்பாறாங்கல் துண்டு இதற்கு உதவாது; அதன் சொரசொரப்புப் பாயை அறுத்துவிடும். சிறு துணி உருண்டையே மேல்.

செம்பாறை நிலத்தில் மரமுளை இறங்காது. அங்கே கடப்பாரையால் குழியிட்டு இரும்பு முளை அடிக்கவேண்டும். மணமேல்குடி, செகதாப்பட்டினம் போன்ற கடலோர மணலிலோ முளை எளிதில் இறங்கும், எளிதிலேயே பிடுங்கிக்கொள்ளும். அங்கே சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதன் இடுப்பில் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. முளையின் தலை பாயைவிட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கவேண்டும். ஒரு பக்கத்தை மற்றதைவிடத் தாழ்த்திக் கட்டினால் நீர் தேங்காமல் ஓடிவிடும்.

சேதமுற்ற ஓட்டுக் கூரைமேல் பாயை விரித்துக் கல்லையும் பழைய டயரையும் ஏற்றிவைப்பது பலரது வழக்கம். காற்றில் நழுவும் கல் உயிரையே வாங்கும். மணல் நிரப்பிய இரு பைகளை ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டி, பொதிமாட்டின் மேல் மூட்டை போடுவதுபோல் முகட்டின் இருபுறமும் தொங்கவிடுங்கள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

இறுதியாக, கொடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் ஆக்ஸ்ஃபாம் நிறுவனமும் 2007ஆம் ஆண்டில் துயர்துடைப்புப் பணிக்கான பிளாஸ்டிக் பாய்களைப் பற்றியே ஒரு தனிக் கையேட்டை வெளியிட்டன. பாயின் தரத்தைக் கூறுவதோடு அது நிற்கவில்லை. அதைப் பயன்படுத்தும் முறையையும் கற்பிக்கிறது. நம் பங்குகளிலும் ஊர்ச் சங்கங்களிலும் புயல் நிவாரணம் திரட்டும்போது பாயை மட்டும் மடித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். வீடிழந்த கைம்பெண் அன்றிரவு கயிற்றுக்கு எங்கே போவாள்? ஒவ்வொரு பாயோடும் 20 மீட்டர் கயிறும், ஆறு முளைகளும், ஆறு டியூப் பட்டைகளும் சேர்த்துக் கொடுப்போம். பஞ்சர் கடைக்காரரிடம் பழைய டியூப்களைக் கேட்டு வாங்கி, மழைக்காலம் பிறக்குமுன் நம் இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலையில் அறுத்துக் கட்டி வைத்துவிடலாம். கொடுத்ததோடு திரும்பிவிடாமல், முதியோர் தனித்திருக்கும் வீடுகளில் நின்று கட்டியும் கொடுத்துவிட்டு வரச் சொல்வோம்.