மின்சாரம் திரும்பும்போது சுவிட்ச் எதை நினைவில் வைத்திருக்கும்?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதற்கு முன் 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 ஆகிய நாட்களிலும் நாடளாவிய மின்தடை வந்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரம் நெடுகிலுமுள்ள பாடசாலைகளிலும் வங்கிக் கிளைகளிலும் பிரதேச செயலகங்களிலும், மாற்று மின்சாரம் ஓய்ந்துபோன ஒவ்வொரு தடவையும், வலையமைப்புச் சுவிட்ச் முற்றாக அணைந்து மறுபடி முதலிலிருந்து எழ வேண்டியிருந்தது. கரண்ட் போகாத ஊர்களில் ஒரு சுவிட்ச் வருடக்கணக்கில் அணையாமலே ஓடும். அங்கே அது எழும் விதத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நமது நிலைமை வேறு. இங்கே ஒரு சுவிட்சின் தரத்தை அது ஓடும் வேகத்தை வைத்து மட்டும் அளப்பது போதாது. ஆள் யாரும் இல்லாத நேரத்தில் அது தானாகச் சரியாக எழுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சுவிட்ச் என்பது கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கெமராக்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. தன்னிடம் வரும் ஒவ்வொரு தரவுத் துண்டும் எந்தக் கணினிக்கு உரியது என்று பார்த்து, அதற்குரிய வாயிலுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. இந்த வகைப் பெட்டியை ஈதர்நெட் உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம், ஆண்டு 1990. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. வெளியே பார்த்தால் வயர்கள் செருகும் பெட்டிதான். உள்ளே அதுவும் ஒரு கணினியே: செயலி உண்டு, தற்காலிக நினைவகம் உண்டு, பிளாஷ் நினைவகம் உண்டு, தனக்கென ஒரு பணிசெயல் முறைமையும் உண்டு. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட சிஸ்கோ கட்டலிஸ்ட் 2960ஐ எடுத்துக்கொள்வோம். மின்சாரம் வந்ததும் பூட் லோடர் என்ற சிறிய நிரல் முதலில் எழுகிறது, வன்பொருளைச் சோதிக்கிறது, பிளாஷைத் திறந்து பணிசெயல் முறைமையின் கோப்பைத் தற்காலிக நினைவகத்துக்கு ஏற்றுகிறது. அந்த முறைமை, சேமித்து வைத்த அமைப்புக் கோப்பை வாசித்த பிறகே வாயில்கள் தத்தமது பணிக்கு வருகின்றன. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை முன்பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். சோதனையில் பிழை கண்டால் செம்மஞ்சளாக மாறும்.

இந்தப் படிகளில் அதிகம் தவறு நடப்பது கடைசிப் படியில். சுவிட்சில் அமைப்பு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ரனிங் கொன்பிக் என்பது இப்போது ஓடிக்கொண்டிருப்பது. அது தற்காலிக நினைவகத்தில் இருப்பதால் கரண்ட் போனதும் அழிந்துவிடும். ஸ்டார்ட்அப் கொன்பிக் என்பது பிளாஷில் எழுதி வைக்கப்பட்டது. எழும்போது சுவிட்ச் நம்புவது இதை மட்டுமே. பிந்திய வியாபாரத்தைத் துண்டுக் கடதாசியில் குறித்துவிட்டு, கணக்குக் கொப்பியில் ஏற்றாமல் கடையைப் பூட்டுவது போன்றதுதான் அமைப்பை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விடுவது. ஒரு வைத்தியசாலையில் ஆய்வுகூடத்துக்கும் மருந்தகத்துக்கும் வெவ்வேறு வீலான்கள், அதாவது ஒரே பெட்டிக்குள் பிரித்த தனித்தனி வலைகள், அமைக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். வழமையான நிலையில் வீலான்களின் பட்டியல் தனிக் கோப்பில் உடனே பதிவாகிவிடும். எந்த வாயில் எந்த வீலானுக்கு உரியது என்ற விபரமோ சேமித்தால் மட்டுமே நிலைக்கும். ஆகவே மின்தடைக்குப் பின் வீலான்கள் எல்லாம் பெயரளவில் அப்படியே இருக்க, சேமிக்கப்படாத வாயில்கள் பழைய இடத்துக்கு, பெரும்பாலும் முதலாம் வீலானுக்கு, திரும்பிவிடும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆய்வுகூட முடிவு மட்டும் வார்டுக்கு வராது.

அப்படியானால் மாற்றியவுடன் தானாகவே சேமித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சில நிறுவனங்களின் சுவிட்சுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இரண்டு பிரதிகள் இருப்பது தயாரிப்பாளரின் கவனயீனம் அல்ல, ஒரு பாதுகாப்பு. ஒலுவிலில் இருக்கும் தொழினுட்பவியலாளர் சம்மாந்துறையிலுள்ள சுவிட்சைத் தொலைவிலிருந்தே மாற்றுகிறார் என்று கொள்வோம். ஒரு கட்டளை பிழைத்தால் தொடர்பு அறுந்துவிடும், அவரால் மறுபடி உள்ளே நுழைய முடியாது. அதற்காகவே அனுபவசாலிகள், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுதொடக்கம் ஆகும்படி முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். பிழைத்தால் பழைய அமைப்போடு சுவிட்ச் எழுந்துவிடும்; சரியாக வந்தால் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டுச் சேமிக்கலாம். தானியங்கிச் சேமிப்பு இந்த வழியை அடைத்துவிடும். சேமிப்பது வேலையின் கடைசிப் படி என்பதை ஒழுங்காக்கிக்கொள்வதே இதற்குத் தீர்வு.

அடுத்தது, எந்தப் பணிசெயல் முறைமையை ஏற்றுவது என்ற கேள்வி. கட்டலிஸ்ட் வகைகளில் பூட் என்ற மாறியில் கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைக்கலாம். முதலாவது ஏறாவிட்டால் சுவிட்ச் அடுத்ததை முயலும். ஒன்றும் எழுதாமல் விட்டால் பிளாஷைத் துழாவி, முதலில் அகப்படும் இயங்கக்கூடிய கோப்பை ஏற்றும். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றாகக் கிடக்கும் பிளாஷில் இது அதிர்ஷ்டத்தை நம்பும் காரியம். புதிய பதிப்பைப் பிரதிசெய்யும்போது கரண்ட் போய், கோப்பு அரைகுறையாகி, வேறு பதிப்பும் இல்லாவிட்டால் சுவிட்ச் பூட் லோடரின் வாசலிலேயே நின்றுவிடும். கொன்சோல் வயரோடு ஆள் நேரில் போகவேண்டிவரும். எனவே பிளாஷில் இடமிருந்தால் பழைய பதிப்பை அழிக்காமல் வைத்து, புதியதை முதலாவதாகவும் பழையதை இரண்டாவதாகவும் எழுத வேண்டும். பிரதிசெய்த கோப்பின் எம்டி5 பெறுமானம், அதாவது கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண், தயாரிப்பாளர் வெளியிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு நல்ல யூபிஎஸ் போதுமே என்பது அடிக்கடி வரும் மறுப்பு. சிறு இடைவெளிகளுக்கு யூபிஎஸ் அவசியம். மின்னழுத்தம் ஏறி இறங்குவதிலிருந்தும் அது காக்கும். ஆனால் மணித்தியாலக் கணக்கான மின்வெட்டைச் சாதாரண யூபிஎஸ் தாங்காது. கரையோர வெப்பத்தில் அதன் பற்றரி விரைவில் தளர்ந்தும் போகும். இன்னொன்றும் உண்டு. சேமிக்காத அமைப்பு என்ற குறையை யூபிஎஸ் மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறது. பற்றரி கைவிடும் நாளில், மாற்றத்தைச் செய்தவருக்கே தாம் செய்தது நினைவிராது. மேலும், கரண்ட் வந்தபின் நேர ஒழுங்கும் பிசகும். மேசைக் கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்து தனக்கு முகவரி கேட்கும். சுவிட்ச் அப்போது இன்னும் எழுந்திருக்காது. எழுந்த பின்னும், வலையில் சுற்றுப்பாதை உண்டா என்று பார்க்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை, அதன் மூல வடிவில், ஒவ்வொரு வாயிலையும் 30 விநாடி தடுத்து வைக்கும். கணினிகள் மட்டும் செருகப்பட்ட வாயில்களில் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைக் கொடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. கடிகாரமும் அப்படித்தான். பற்றரிக் கடிகாரம் இல்லாத இந்தச் சுவிட்சுகள் எழுந்ததும் 1993 மார்ச் 1 என்றே நாளைக் காட்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கும் முந்திய திகதி அது! நேரச் சேவையகத்தின் முகவரியை அமைப்பில் எழுதி வைக்காவிட்டால், எப்போது என்ன நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பூட் அமைப்பு பாதுகாப்போடும் தொடர்புடையது. கட்டலிஸ்டின் மோட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் பூட் லோடருக்குள் போகலாம்; அங்கே அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் சுவிட்ச் கடவுச்சொல் கேட்காமலே எழும். கடவுச்சொல்லை மறந்த நிர்வாகிக்கு இது உதவி, அறைக்குள் நுழைந்த அந்நியனுக்கோ திறந்த கதவு. இந்த வசதியை மூடவும் முடியும். மூடிய பின் கடவுச்சொல்லை மறந்தால் முழு அமைப்பையும் இழந்தே மீள முடியும். பிரதியை வேறிடத்தில் வைத்திருப்பவர் மட்டுமே மூடலாம். மற்றவர்களுக்குப் பூட்டிய அலுமாரியே ஏற்றது. தொலைவிலிருந்து வரும் ஆபத்துக்கு 2018 ஏப்ரல் சாட்சி. புதிய சுவிட்சுகள் தாமாகவே அமைப்பைப் பெற்றுக்கொள்ள உதவும் ஸ்மார்ட் இன்ஸ்டோல் என்ற சிஸ்கோ வசதியின் வழியாகப் புகுந்தவர்கள், ஸ்டார்ட்அப் கொன்பிக்கை அழித்து, அதன் இடத்தில் அமெரிக்கக் கொடியையும் ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றார்கள். உலகளவில் சுமார் 2,00,000 சாதனங்களும் தன் நாட்டில் 3,500உம் பாதிக்கப்பட்டதாக ஈரான் அறிவித்தது. பயன்படுத்தாத அந்த வசதியை ஒரே கட்டளையால் நிறுத்திவிடலாம்.

நாலைந்து கணினிகள் உள்ள கடைக்கு இவை எதுவும் தேவையில்லை. அமைப்பே இல்லாத மலிவான சுவிட்ச் அங்கே நன்றாக உழைக்கும். மறப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. வீலான்களும் கெமராக்களும் பதிவேடுகளும் வேண்டிய நிறுவனங்களுக்குத்தான் இந்தக் கடமை. அதை நிறைவேற்றப் பணம் தேவையில்லை, ஒழுங்கு தேவை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருக்கிறது. அலுவலகங்களுக்கு வார இறுதி இருக்கிறது. அப்படி ஒரு நாளில் அமைப்பைச் சேமித்து, அதன் பிரதியொன்றை வேறு கணினியில் வைத்துவிட்டு, சுவிட்சின் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி மறுபடி கொடுங்கள். எல்லா வாயில்களும் உரிய வீலானில் எழுகின்றனவா, நேரம் சரியா, எழுவதற்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி, அந்தத் தாளைச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த மின்தடை உங்களைக் கேட்டுக்கொண்டு வராது. அதற்கு முன் இந்தச் சோதனையை நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள்.