கண்ணு நல்லாத்தான் இருக்கு... ஆனா பார்வை? குழந்தைகளின் 'சோம்பல் கண்' பிரச்னையை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

"கண்ணு செவக்கலை, தண்ணி வடியலை. டிவி, செல்போன் எல்லாம் நல்லாத்தானுங்க பார்க்கிறான். அவனுக்கு எதுக்குங்க கண் டெஸ்ட்டு?"

வெள்ளகோவிலோ காங்கேயமோ, தறிக்குடோன் ஷிஃப்டுக்குக் கிளம்பும் எந்த அம்மாவும் இப்படித்தான் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 'சோம்பல் கண்' ஒளிந்துகொள்வதே இந்த இடத்தில்தான். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால், அதுவே இரண்டு பேர் வேலையையும் பார்த்துவிடும். பிறந்ததிலிருந்தே அப்படிப் பார்க்கும் குழந்தைக்குத் தனக்குக் குறை இருப்பதே தெரியாது. பிறகு எப்படிச் சொல்லும்?

சோம்பல் கண் என்றால் என்ன?

மருத்துவத்தில் இதற்குப் பெயர் ஆம்ப்ளியோபியா. பெயர்தான் சோம்பல் கண். உண்மையில் சிக்கல் மூளையில். சின்ன வயதில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான படம் மட்டுமே வந்துகொண்டிருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்ற கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். 100 குழந்தைகளில் 3 பேர் வரை இது இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம்.

காரணங்கள்? இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம், மாறுகண், பிறவிக் கண்புரை, இமை தொங்குவது. இதில் பவர் வித்தியாசம் வெளியே தெரியவே தெரியாது. மாறுகண் தெரியும், ஆனால் நம்ம ஊரில் "மாறுகண்ணு அதிர்ஷ்டம், விடு" என்று சொல்ல ஒரு அமத்தா எப்போதும் இருப்பார். அந்த 'அதிர்ஷ்டம்' ஒரு கண்ணின் பார்வையையே வாங்கிவிடும்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, சுவரில் உள்ள நாள்காட்டியில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். எழுத்துத் தெரியாத குழந்தை என்றால் படம் காட்டலாம். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்து, இன்னொன்றை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால் உஷாராகணும். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, பந்தைப் பிடிக்கத் தடுமாறுவது இவையும் அறிகுறிகளாக இருக்கலாம். கண்பாப்பாவில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் சரியாகப் படித்துவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சிகிச்சை என்ன?

முதலில் கண்ணாடி. சில குழந்தைகளுக்கு அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால், நன்றாகத் தெரியும் கண்ணை மூடி 'பேட்ச்' ஒட்டுவார்கள். "நல்ல கண்ணை ஏன் மூடறீங்க?" என்று பதறாத பெற்றோர் குறைவு. மூளையை மறு கண் வழியாகப் பார்க்க வைக்கத்தான். மிதமான பாதிப்புக்குத் தினமும் 2 மணி நேரம் ஒட்டுவது, 6 மணி நேரத்துக்கு இணையான பலன் தருவதாக 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கார்ட்டூன் பார்க்கும்போது, கலர் அடிக்கும்போது ஒட்டலாம். பேட்ச்சை கண்ணாடி மேல் ஒட்டினால் பிள்ளை இடுக்கு வழியாகப் பார்த்துவிடும், தோலில்தான் ஒட்டணும். நேரத்தை நீங்களே கூட்டாதீர்கள், நல்ல கண் பாதிக்கப்படலாம். பேட்ச்சுக்குப் பதில் அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு, டாக்டர் சொன்னால் மட்டும்.

மாறுகண் ஆபரேஷன் கண்ணை நேராக்கும். பார்வைக்குப் பயிற்சி தனி.

7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். 10 வயதாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், அதன் பிறகும் பலருக்குப் பார்வை முன்னேறுகிறது.

எங்கே காட்டுவது?

ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அன்று பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். கோவை என்றால் அவிநாசி சாலையில் அரவிந்த், சத்தி சாலை சிவானந்தபுரத்தில் சங்கரா, இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

கண்ணில் மருந்து விட்டுத்தான் பவர் பார்ப்பார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும், சில மருந்துக்கு மறுநாளும் நீடிக்கும். பரீட்சைக்கு முந்தைய நாள் கூட்டிப்போக வேண்டாம்.